எடப்பாடி வட்டார எண்ணெய்வித்துப் பயிர்களும் தேனீக்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை

தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் உள்ள எடப்பாடியும் அதனைத் தொடர்ந்து தெற்கே விரியும் நாமக்கல் சமவெளியும் நெடுங்காலமாக எண்ணெய்வித்துகள் விளையும் நிலங்களாகும். ஆமணக்கு, எள், நிலக்கடலை, பருத்திக்கொட்டை, தேங்காய், சூரியகாந்தி ஆகியவை வெவ்வேறு காலங்களில் இப்பகுதி உழவர்களுக்கு வருவாய் தந்துள்ளன. தேனீக்கள் மகரந்தச் சேர்க்கை செய்வதால் எண்ணெய்வித்துகளின் விளைச்சலும் தரமும் உயர்கின்றன என்று பாடநூல்களும் வேளாண் கையேடுகளும் பொதுவாகக் கூறுகின்றன. ஆயினும் இக்கூற்று எல்லா வித்துகளுக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. சில பயிர்களுக்குத் தேனீ இன்றியமையாதது. சிலவற்றுக்கு அது ஒரு கூடுதல் உதவி. வேறு சிலவற்றுக்கு அதன் தேவை மிகக் குறைவு. எடப்பாடி வட்டாரத்தில் எந்த வித்து எப்போது வந்தது என்ற வரலாற்றைப் பார்த்தால், இங்குள்ள உழவர் தேனீயைப் பற்றிக் கணக்கிட வேண்டிய தேவை ஏன் மிகத் தாமதமாக எழுந்தது என்பது விளங்கும்.

நிலமும் சந்தையும்

சேர்வராயன் மலையில் தோன்றும் சரபங்கா ஆறு ஓமலூர், எடப்பாடி வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. மேற்கே பூலாம்பட்டியில் காவிரி எல்லையாக அமைந்துள்ளது. 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பின்னர் வெட்டப்பட்ட கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்களால் காவிரியின் இருபுறமும் ஒரு பகுதி நிலம் பாசனம் பெற்றது. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்கள் இன்றும் கிணற்றையும் மழையையும் நம்பியுள்ளன. இந்த மேட்டு நிலங்களே எண்ணெய்வித்துகளின் இருப்பிடம்.

நாமக்கல் 1997ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. எனினும் வேளாண் சந்தையைப் பொறுத்தவரை இரு மாவட்டங்களும் பிரியவில்லை. எடப்பாடியை அடுத்த கொங்கணாபுரத்தில் கூட்டுறவு விற்பனை சங்கத்தின் பருத்தி ஏலம் சனிக்கிழமைகளில் நடைபெறுகிறது. திருச்செங்கோட்டில் பருத்தியுடன் எள்ளும் ஏலம் போகிறது. ஏலத்தில் மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்கும் வியாபாரி மணியின் நிறம், ஈரம், கல், மண், பொக்கு ஆகியவற்றைக் கவனித்தே விலை கூறுகிறார். மகரந்தச் சேர்க்கையில் நேர்ந்த குறை, பூ உதிர்ந்து பல வாரங்களுக்குப் பின்னர் இங்கேதான் பணக் குறையாகத் தெரியவருகிறது.

தேனீயை எதிர்பாராத பழைய வித்துகள்

இப்பகுதியின் பழைய எண்ணெய்வித்துகளை அவற்றின் பூக்களை வைத்து ஆராய்ந்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். அவை பெரும்பாலும் தேனீ வராவிட்டாலும் காய்க்கக்கூடியவை.

ஆமணக்கு: ஒரே கதிரில் மேற்பகுதியில் பெண் பூக்களும் கீழ்ப்பகுதியில் ஆண் பூக்களும் அமைந்திருக்கும். மகரந்தப்பை வெடித்துத் தூளை வீசுகிறது. அதைக் காற்று கொண்டு செல்கிறது. ஆமணக்குச் செடியில் தேனீக்கள் மொய்ப்பதைக் காணலாம். ஆனால் அவற்றில் பல, இலைக்காம்பு போன்ற இடங்களில் பூவுக்கு வெளியே சுரக்கும் இனிப்பு நீரைத் தேடி வந்தவை. எனவே தேனீ வந்து போவதை மட்டும் வைத்து மகரந்தச் சேர்க்கை நடந்ததாகக் கொள்ள முடியாது. 1968இல் குஜராத்தில் வெளியான ஜி.சி.எச். 3, வணிக அளவில் வெளிவந்த முதல் ஆமணக்குக் கலப்பினமாகும். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது, ஒய்.ஆர்.சி.எச். 1 என்ற கலப்பினம் அங்கு உருவானது. இத்தகைய கலப்பின விதை உற்பத்தியில் மற்ற ஆமணக்கு வயல்களிலிருந்து போதிய இடைவெளி விடுவது மிகவும் முக்கியம். காற்றில் தூள் பரவுவதே இதற்குக் காரணம்.

நிலக்கடலை: தென் அமெரிக்காவிலிருந்து வந்த இப்பயிர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தின் பெரும் ஏற்றுமதிப் பயிரானது. தென்னாற்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் ஆலைகளுக்குச் சென்றது. பின்னர் உள் மாவட்டங்களிலும் இது பரவியது. கடலைப் பூ அதிகாலையில் மலர்கிறது. பூ விரியும் முன்பே அதன் மகரந்தம் அதே பூவின் சூல்முடியைச் சேர்ந்துவிடுகிறது. பிறகு விழுது மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது. ஆகவே கடலையின் விளைச்சலில் தேனீயின் பங்கு மிகச் சிறியது. கடலைக்கு மண்ணின் பொலபொலப்பு, ஜிப்சம், விழுது இறங்கும் நேரத்து ஈரம் ஆகியவையே விளைச்சலைத் தீர்மானிக்கின்றன.

எள்: இந்தியத் துணைக்கண்டத்திலேயே பயிராக்கப்பட்ட பழமையான வித்து இது. 'எள்' 'நெய்' ஆகிய இரு சொற்களும் சேர்ந்தே 'எண்ணெய்' என்ற பொதுச்சொல் பிறந்தது. எள்ளின் குழல் வடிவப் பூ விடியற்காலையில் மலர்ந்து மாலைக்குள் உதிர்ந்துவிடும். பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையே நடக்கிறது. ஆனால் பூவின் அடியில் பூந்தேன் உண்டு. தேனீக்கள் உள்ளே நுழைந்து வெளிவரும்போது அயல் மகரந்தச் சேர்க்கையும் ஓரளவு நிகழ்கிறது. அதன் அளவு இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுபடும். எனவே எள்ளுக்குத் தேனீ ஒரு துணை எனலாம். அதுவே ஆதாரம் என்று கூற இயலாது.

ஆமணக்குக்குக் காற்று, கடலைக்கும் எள்ளுக்கும் தன் மகரந்தம் என்ற நிலையில், தேனீக்கள் குறைந்த ஆண்டிலும் இங்குள்ள களம் வெறுமையாகக் கிடந்ததில்லை. தேனீயை விளைச்சலின் காரணியாக உழவர்கள் எண்ணாததற்கு அறியாமை காரணமன்று. அவர்கள் பயிரிட்ட வித்துகள் அந்த எண்ணத்தைத் தேவையாக்கவில்லை.

மலைப்பகுதியின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மானாவாரியாக விளையும் பேயெள் தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காத பயிர். பூச்சிகள் வராவிட்டால் அதில் மணி பிடிப்பது அரிது. வடஇந்தியாவின் கடுகினப் பயிர்களிலும் இதே வேறுபாடு உண்டு. மஞ்சள் சர்சோன் தன் மகரந்தத்தால் காய்க்கும். தோரியா அயல் மகரந்தத்தை நாடும். ஒரே குடும்பத்துப் பயிர்களிடையேகூடத் தேனீயின் தேவை மாறுபடுவதற்கு இது சான்று.

தேன் கணக்கும் மகரந்தக் கணக்கும்

தேன் இப்பகுதி மக்களுக்கு அன்னியமான பொருளன்று. கொல்லிமலையும் சேர்வராயன் மலையும் தேனுக்குப் பெயர்பெற்றவை. எடப்பாடியைச் சேர்ந்த பருவதராஜகுலக் காவடிக் குழுவினர் ஆண்டுதோறும் தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குச் சென்று, அங்கேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரிப்பது நெடுநாளைய மரபு. வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, நெய் ஆகியவற்றோடு தேனும் அதில் சேர்கிறது. இவ்வாறு தேனீ என்றதும் தேன், மெழுகு என்பதே பொதுவான கணக்காக இருந்தது. பூவில் தேனீ செய்யும் வேலை கணக்கில் வரவில்லை.

உலக அளவிலும் இதே நிலைதான் நிலவியது. செடிகளுக்கும் ஆண், பெண் உறுப்புகள் உண்டு என்பதைச் செருமானிய அறிஞர் கமெராரியசு 1694இல் சோதனையால் காட்டினார். மகரந்தத்தைப் பூச்சிகள் கொண்டு செல்வதை 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோல்ரூட்டர் ஆராய்ந்தார். பூவின் நிறம், கோடுகள், பூந்தேன் ஆகியவை பூச்சிகளை ஈர்ப்பதற்கே அமைந்தவை என்று ஸ்ப்ரெங்கல் 1793இல் நூல் எழுதினார். அன்று அதற்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. 1876இல் சார்லஸ் டார்வின், அயல் மகரந்தத்தால் பிறந்த செடிகளையும் தன் மகரந்தத்தால் பிறந்தவற்றையும் பல தலைமுறை வளர்த்து ஒப்பிட்ட சோதனைகளை வெளியிட்டார். அதன் பிறகே இத்துறை வேளாண்மையின் கவனத்துக்கு வந்தது.

இந்தியாவில் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு, கேப்ரியல் ஹோவர்டு, அப்துர் ரகுமான் கான் ஆகிய மூவரும் இந்தியப் பயிர்களில் இயற்கையாக நிகழும் அயல் மகரந்தச் சேர்க்கையின் பொருளாதார முக்கியத்துவம் குறித்து 1910இல் ஆய்வேடு வெளியிட்டனர். அவர்களின் முதன்மை நோக்கம் பயிர் ரகங்களின் தூய்மை. எந்தப் பயிர் தானாகக் கலக்கிறது, எது கலக்காது என்பது தெரிந்தால்தான் ரகத்தைக் காப்பாற்ற முடியும். அதாவது தொடக்கத்தில் பூச்சி கொண்டுவரும் மகரந்தம், விளைச்சலைக் கூட்டும் நண்பனாக அல்லாமல் ரகத்தைக் கலக்கிவிடும் காரணியாகவும் பார்க்கப்பட்டது.

மற்றொரு பக்கம் தேனீ வளர்ப்பு தனி வழியில் வளர்ந்தது. அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத் 1851இல் கண்டறிந்த 'தேனீ இடைவெளி' என்னும் கருத்தின் அடிப்படையில், சட்டங்களைக் கழற்றி மாட்டக்கூடிய பெட்டிகள் உருவாயின. இந்தியத் தேனீ அளவில் சிறியது. அதற்கேற்ற சிறிய பெட்டியைத் தென்னிந்தியாவில் பணியாற்றிய அருட்தந்தை நியூட்டன் 1910களில் வடிவமைத்து, கிராமத்தினருக்கு அதில் பயிற்சியும் அளித்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயரில் அது இன்றும் வழக்கில் உள்ளது. 1928இல் வேளாண்மைக்கான அரச ஆணையம் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக ஊக்குவிக்கப் பரிந்துரைத்தது. குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் இத்தொழிலின் மையமாக வளர்ந்தது. இவை அனைத்திலும் தேன் மகசூலே முதன்மை இலக்கு. எடப்பாடி போன்ற வறண்ட சமவெளிகளில் தேன் வரத்து குறைவு என்பதால் பெட்டிகள் பெரிய அளவில் வரக் காரணமும் இருக்கவில்லை.

சூரியகாந்தியின் வருகை

இந்த நிலையை மாற்றிய பயிர் சூரியகாந்தி. வட அமெரிக்கப் பழங்குடியினர் பயிராக்கிய இச்செடி 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு அலங்காரச் செடியாகச் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் ரசியாவில் எண்ணெய்ப் பயிரானது. 20ஆம் நூற்றாண்டில் கிராஸ்னதார் நகரில் புஸ்தவோய்த் என்னும் பயிர்ப் பெருக்க அறிஞர், மெல்லிய தோலும் பருத்த பருப்பும் கொண்ட செடிகளைத் தொடர்ந்து தேர்ந்தெடுத்து எண்ணெய் அளவை 50 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தினார்.

உணவு எண்ணெய்ப் பற்றாக்குறையால் இந்தியா 1969இல் சோவியத் ரசியாவிலிருந்து பெரெதோவிக் உள்ளிட்ட சூரியகாந்தி ரகங்களைத் தருவித்தது. 90 முதல் 100 நாட்களில் விளைவது, எல்லாப் பட்டங்களிலும் வருவது, வறட்சியை ஓரளவு தாங்குவது ஆகிய பண்புகளால் கர்நாடகம், ஆந்திரம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் இப்பயிர் பரவியது. தமிழ்நாட்டில் கோவை, ஈரோடு, சேலம் பகுதிகளின் கிணற்றுப் பாசன நிலங்களிலும் இது இடம்பிடித்தது.

ரசிய ரகங்கள் திறந்த மகரந்தச் சேர்க்கையால் பெருகியவை. அவற்றில் பெரும்பாலான செடிகள் தங்கள் மகரந்தத்தைத் தாங்களே ஏற்காதவை. இங்கு வந்தபின் தோன்றிய முக்கியக் குறை, பூத்தலையின் நடுவில் மணி பிடிக்காமல் பொக்காகப் போவது. கைவிரிப்பளவு பூத்தலை பார்வைக்கு நிறைவாக இருக்கும்; அடித்துத் தூற்றினால் பாதி காற்றோடு போய்விடும். கடலையிலும் எள்ளிலும் பழகிய உழவருக்கு இது புதிய அனுபவம். உரம், நீர், விதை என்று அவர் அறிந்த காரணங்களுக்கு அப்பால் ஒரு காரணம் இருந்தது.

பூவின் அமைப்பு

சூரியகாந்திப் பூ என நாம் அழைப்பது தனிப்பூ அன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுபூக்கள் நெருங்கி அமைந்த தலை. விளிம்பிலுள்ள மஞ்சள் இதழ் போன்றவை மலட்டுப் பூக்கள். அவை பூச்சிகளை ஈர்ப்பதற்கே பயன்படுகின்றன. நடுவட்டத்திலுள்ள சிறுபூக்களே மணியாகின்றன. இவை வெளி வட்டத்திலிருந்து மையம் நோக்கி, நாளுக்குச் சில வரிசைகளாக, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை மலர்கின்றன.

ஒவ்வொரு சிறுபூவும் முதலில் ஆணாகவும் பிறகு பெண்ணாகவும் செயல்படுகிறது. முதல் நாள் மகரந்தம் வெளித்தள்ளப்படுகிறது. அடுத்த நாள் சூல்முடி இரண்டாகப் பிரிந்து விரிகிறது. அதற்குள் அதன் மகரந்தத்தில் பெரும்பகுதி எடுத்துச் செல்லப்பட்டிருக்கும். மகரந்தத் தூள் கனமும் பிசுபிசுப்பும் உடையது. எனவே காற்றினால் அதிக தூரம் போகாது. வேறொரு செடியின் மகரந்தத்தைச் சுமந்து வரும் பூச்சி அந்த ஓரிரு நாளில் அங்கு அமர்ந்தாக வேண்டும். இல்லையெனில் தோல் மட்டும் வளரும். உள்ளே பருப்பு இராது.

இந்திய வயல்களில் இவ்வேலையைச் செய்பவை பெரும்பாலும் மலைத்தேனீ, அடுக்குத் தேனீ எனப்படும் இந்தியத் தேனீ, கொம்புத் தேனீ, கொடுக்கில்லாக் கொசுத் தேனீ ஆகியவை. பின்னாளில் இத்தாலியத் தேனீயும் சேர்ந்தது. உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் நீர்த்தொட்டிகளின் அடியிலும் கூடு கட்டும் மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. சூரியகாந்தி உழவர் அறியாமலே அவருக்கு உழைத்த தேனீக்களில் இதற்குப் பெரும் பங்குண்டு.

பொக்கு விழுவதற்கு மகரந்தக் குறை மட்டுமே காரணமன்று. பூக்கும் காலத்தில் நீர்த் தட்டுப்பாடு, கடும் வெப்பம், போரான் சத்துக் குறை, மையப் பகுதிக்கு ஊட்டம் போதாமை ஆகியவையும் நடுவட்டத்தை வெறுமையாக்கும். இதனால்தான் விளிம்புப் பூக்கள் விரியும் தருணத்தில் 0.2 விழுக்காடு வெண்காரக் கரைசல் தெளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. போரான் குறையுள்ள வயலில் தேனீப் பெட்டி மட்டும் வைத்தால் பயன் கிட்டாது; தேனீ இல்லாத வயலில் வெண்காரம் மட்டும் தெளித்தாலும் அப்படியே.

கை வேலையும் தேனீ வேலையும்

தேனீ குறைந்த இடங்களில் வேளாண் துறை பரிந்துரைத்த மாற்று வழி கையால் மகரந்தம் சேர்ப்பது. காலை வேளையில் மெல்லிய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பூத்தலைகளை மாறி மாறி மெதுவாகத் தேய்க்க வேண்டும், அல்லது அடுத்தடுத்த இரு தலைகளை முகத்தோடு முகம் சேர்த்து உரச வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஏறத்தாழ ஐந்து முறை இதைச் செய்ய வேண்டும்.

இதன் உழைப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 செ.மீ. × 30 செ.மீ. இடைவெளியில் ஒரு ஹெக்டேரில் சுமார் 55,500 செடிகள் நிற்கும். ஐந்து முறை தேய்க்க 2,77,500 தொடுதல்கள் தேவை. ஒன்றுக்கு மூன்று வினாடி என்று கொண்டாலும் 231 மணி நேரம் ஆகும். காலையில் மூன்று மணி நேரமே ஏற்ற வேளை என்பதால், இது ஏறக்குறைய 77 ஆட்களின் காலை வேலைக்குச் சமம். விசைத்தறி கூலிக்கு ஆட்களை ஈர்க்கும் எடப்பாடி போன்ற ஊரில், சரியாக அந்த இரண்டு வாரங்களில் இத்தனை ஆட்களைப் பிடிப்பது எளிதன்று.

அதே வயலில் தலைக்கு ஆயிரம் சிறுபூ என்றால் மொத்தம் 5.5 கோடி சிறுபூக்கள். பரிந்துரைக்கப்படும் அளவான ஐந்து பெட்டிகளிலிருந்து, பெட்டிக்கு 4,000 தேனீக்கள் வயலுக்கு வருவதாக வைத்துக்கொண்டால், ஒரு தேனீயின் பங்கு சுமார் 2,750 சிறுபூக்கள். ஒரு தலையில் அமரும் தேனீ நடந்தபடியே பல சிறுபூக்களைத் தொட்டுவிடுவதால், இது அதன் ஆற்றலுக்கு உட்பட்ட வேலையே. தேனீயின் மதிப்பைத் தேனின் விலையால் மட்டும் அளந்தால் எவ்வளவு விடுபட்டுப் போகிறது என்பதை இக்கணக்கு காட்டும்.

விளைச்சலையும் தரத்தையும் அளந்த முறை

தேனீயின் பங்கை அறிய ஆய்வாளர்கள் பொதுவாக மூன்று வகைப் பாத்திகளை ஒப்பிடுகின்றனர். வலையிட்டுப் பூச்சிகள் வராமல் தடுத்தது ஒன்று; திறந்து விடப்பட்டது மற்றொன்று; வலைக்குள் தேனீப் பெட்டி வைக்கப்பட்டது மூன்றாவது. வலை வெயிலையும் காற்றையும் ஓரளவு தடுப்பதால் அதன் விளைவையும் கழித்தே முடிவு கூற வேண்டும். இந்தக் கவனம் இல்லாத ஒப்பீடுகளில் தேனீயின் பயன் மிகையாகத் தோன்றக்கூடும்.

அளக்கப்படும் பண்புகள் பல. நிரம்பிய மணிகளின் விழுக்காடு, ஒரு தலையின் மணி எடை, 100 மணிகளின் எடை, தோலுக்கும் பருப்புக்கும் உள்ள விகிதம், எண்ணெய் விழுக்காடு, விதையின் முளைப்புத் திறன் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பருப்பு நிரம்பிய மணியில் தோலின் பங்கு குறைகிறது. அதனால் ஒரு மூட்டையிலிருந்து கிடைக்கும் எண்ணெய் கூடுகிறது. இங்கு ஒரு நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மணிகள் குறைவாகப் பிடித்த தலையில் ஊட்டம் சில மணிகளுக்கே செல்வதால் அவை தனித்தனியே எடை கூடியிருக்கும். ஆகவே 100 மணி எடையை மட்டும் பார்த்து மகரந்தச் சேர்க்கை நன்கு நடந்ததாக முடிவு செய்வது தவறாகும்.

2007இல் கிளைன் என்பவரும் அவருடைய குழுவினரும் உலகின் 115 முக்கிய உணவுப் பயிர்களை ஆராய்ந்து, 87 பயிர்களின் விளைச்சல் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையை ஏதேனும் ஓர் அளவில் சார்ந்துள்ளதாகக் காட்டினர். அவ்வகைப்பாட்டில் சூரியகாந்தி நடுத்தரச் சார்பு, அதாவது பூச்சிகள் இல்லாவிட்டால் 10 முதல் 40 விழுக்காடு வரை இழப்பு நேரக்கூடிய பிரிவில் இடம்பெற்றது. 2012இல் சுவீடனில் எண்ணெய்க் கடுகினப் பயிரில் நடந்த ஆய்வில், பூச்சிகளின் மகரந்தச் சேர்க்கையால் செடியின் மணி எடை 18 விழுக்காடும் சந்தை மதிப்பு 20 விழுக்காடும் உயர்ந்தன. எண்ணெய் கூடி, பச்சையம் குறைந்ததே எடையைவிட மதிப்பு சற்றே கூடுதலாக உயர்ந்ததற்குக் காரணம். தரம் என்பது வெறும் சொல்லன்று, விலையாக மாறக்கூடியது என்பதை இந்த ஆய்வு எடுத்துக்காட்டுகிறது.

கலப்பினங்களும் தேனீயும்

1969இல் பிரான்சின் லெக்லர்க் சூரியகாந்தியில் ஆண்மலட்டுத் தன்மையைக் கண்டறிந்தார். இதைக் கொண்டு இந்தியாவில் உருவான முதல் கலப்பினமான பி.எஸ்.எச். 1, பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து 1980இல் வெளியானது. புதிய கலப்பினங்களைத் தேர்ந்தெடுக்கும்போது தன் மகரந்தத்தை ஏற்கும் பண்பும் சேர்த்துப் பார்க்கப்பட்டது. இதனால் பொக்குத் தொல்லை பெருமளவு தணிந்தது. தேனீ வந்தால் இவற்றிலும் மணி கூடுகிறது. ஆனால் தேனீ வராத வயலும் முன்போல வெறுமையாவதில்லை.

ஆனால் இக்கலப்பினங்களின் விதையை உற்பத்தி செய்யும் வயலில் தேனீயின் தேவை முழுமையானது. அங்குள்ள பெண் வரிசைகளில் மகரந்தமே இராது. ஆண் வரிசைகளிலிருந்து ஒவ்வொரு பூவுக்கும் மகரந்தம் சுமந்து வரப்பட வேண்டும். உழவர் வயலில் தேனீயின் தேவையைக் குறைத்த அதே கலப்பினம், விதை வயலில் தேனீயை இன்றியமையாததாக்கியது.

1991–92 பேரிழப்பு

இந்தியத் தேனீ வளர்ப்பு வளர்ந்துவந்த காலத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தாக்கியது. 1970களில் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட இந்நோய் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. 1991–92இல் கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் பரவிப் பெட்டிகளில் வளர்க்கப்பட்ட இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாறாமல் நீர் கோத்த பை போலாகி இறந்துவிடும். பல ஆண்டுகள் பெட்டி வைத்திருந்த குடும்பங்கள் ஒரே பருவத்தில் வெறும் பெட்டிகளோடு நின்றன.

இதன் பிறகு தென்னிந்தியாவில் இத்தாலியத் தேனீ வேகமாகப் பரவியது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் அத்வால் 1960களில் இதனை வட இந்தியாவில் வெற்றிகரமாக நிலைநிறுத்தியிருந்தார். பெரிய கூட்டமும் அதிகத் தேனும் இதன் சிறப்பு. ஆயினும் ஆண்டு முழுதும் பூ கிடைக்கும்படி பெட்டிகளை இடம் மாற்ற வேண்டும். ரப்பர்த் தோட்டத்துப் பருவம் முடிந்ததும் பெட்டிகளை வேறு பூப் பகுதிகளுக்கு ஏற்றிச் செல்லும் இடம்பெயர் வளர்ப்பு இவ்வாறு வழக்கமானது.

பூச்சிக்கொல்லியும் பயிர் மாற்றமும்

பெட்டி வளர்ப்போர் வயலுக்குள் வரத் தயங்கும் முதற்காரணம் பூச்சிக்கொல்லி. காலையில் மருந்து தெளித்தால் அந்நேரத்தில் பூவில் இருக்கும் தேனீக்கள் அனைத்தும் பாதிக்கப்படும். சூரியகாந்தியும் தேனீயும் குறித்த உலகளாவிய விவாதத்தின் தொடக்கம் பிரான்சில் நிகழ்ந்தது. விதை நேர்த்திக்குப் பயன்பட்ட இமிடாகுளோபிரிட் மருந்தால் தேனீக்கள் வழி தவறுவதாகத் தேனீ வளர்ப்போர் முறையிட்டதை அடுத்து, 1999இல் சூரியகாந்தி விதைகளில் அம்மருந்தின் பயன்பாடு அங்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அவ்வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது.

இதற்கிடையே சூரியகாந்தியே இந்திய வயல்களிலிருந்து பின்வாங்கியது. 1986இல் தொடங்கிய எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தின் காலத்தில் பரப்பு விரைவாக உயர்ந்து, 1990களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் 25 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. 1994 முதல் பாமாயில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் உள்நாட்டு வித்துகளின் விலை தளர்ந்தது. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரப்பு ஏறத்தாழ 2 முதல் 3 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது இந்தியச் சமையலறைகளில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது இச்சார்பின் விளைவே.

சேலம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளி ஜவ்வரிசி ஆலைகளையும், மக்காச்சோளம் நாமக்கல் கோழிப் பண்ணைகளையும் உறுதியான சந்தையாகக் கொண்டுள்ளன. மக்காச்சோளம் காற்றால் மகரந்தம் சேரும் பயிர். அதில் பூந்தேன் இல்லை. சூரியகாந்தி வயல் மக்காச்சோள வயலாக மாறும்போது உழவருக்குத் தேனீயின் தேவை நீங்குகிறது. தேனீக்கும் உணவு குறைகிறது. அருகில் எள் பயிரிட்டிருப்பவருக்கும், முருங்கையோ வெள்ளரியோ பூசணியோ வைத்திருப்பவருக்கும் இதன் பாதிப்பு போய்ச் சேரும். தேனீ ஒரு வயலுக்கு உரியதன்று என்பதால், ஒருவரின் பயிர்த் தேர்வு மற்றவரின் காய்ப்பையும் தொடுகிறது.

இன்றைய நிலை

2020இல் மத்திய அரசு தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொதுமக்கள் கவனம் இன்னும் பெரும்பாலும் தேனைச் சுற்றியே உள்ளது. மகரந்தச் சேர்க்கைக்காகப் பெட்டிகளை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் சில நாடுகளில் பெரும் தொழிலாக இருந்தாலும், தமிழகத்தில் அது பரவலாகவில்லை.

எடப்பாடி வட்டார உழவர் ஒருவர் தேனீப் பெட்டி வைப்பது பற்றி முடிவெடுக்க முதலில் கேட்க வேண்டியது, 'என் பயிர் எது?' என்பதே. கடலைக்கும் ஆமணக்குக்கும் விளைச்சல் கூடும் என்ற நம்பிக்கையில் பெட்டி வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். எள்ளுக்கு ஓரளவு நன்மை உண்டு. சூரியகாந்திக்கும் பேயெள்ளுக்கும் பயன் தெளிவானது. சூரியகாந்தி விதை உற்பத்திக்கோ தேனீ கட்டாயம். பெட்டிகளைப் பயிர் பூக்கத் தொடங்கியபின் வைப்பது நல்லது. முன்னதாகவே வைத்தால் தேனீக்கள் வேறு பூக்களுக்குப் பழகிவிடும். பூக்கும் நாட்களில் மருந்து தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க இயலாதபோது தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையில் தெளிக்க வேண்டும். பக்கத்து வயல்காரருக்கும் பெட்டி வைத்திருப்பவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெட்டி வாங்க வசதியில்லாதவரும் வரப்பு மரங்களில் கூடு கட்டிய மலைத்தேனீயையும் கொம்புத் தேனீயையும் தீயிட்டு விரட்டாமல் விட்டுவைத்தால், அந்தக் கூடுகளின் தேனீக்கள் அடுத்த பூப்பருவத்தில் அவர் வயலுக்குக் கூலியின்றி வந்து சேரும்.